உணவும் குடலும்: குன்னூர் ஆய்வகத்தை நிறுவிய மருத்துவர் இராபர்ட் மெக்கரிசன்

நாம் உண்ணும் உணவு, குடலில் வாழும் நுண்ணுயிரிகள், உடல்நலம் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று தொடர்புடையவை என்பது இன்று பரவலாகப் பேசப்படுகிறது. ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன்னரே இத்தொடர்பைத் தேடி, நீலகிரி மாவட்டம் குன்னூரில் ஆய்வு நடத்தியவர் மருத்துவர் சர் இராபர்ட் மெக்கரிசன். அவருடைய முடிவுகளுள் சில இன்றும் நிலைத்திருக்கின்றன. சில பின்னாளில் திருத்தப்பட்டன. ஜவ்வாது மலை உள்ளிட்ட மலைப்பகுதிகளில் வாழும் நோயாளிகளுக்கும் அவர்களைப் பராமரிப்பவர்களுக்கும் இவ்விரண்டும் பயன்படும் என்பதால் அவருடைய வாழ்க்கையும் பணியும் இப்பக்கத்தில் சுருக்கமாக விளக்கப்படுகின்றன.

பிறப்பும் கல்வியும்

இராபர்ட் மெக்கரிசன் 1878ஆம் ஆண்டு மார்ச் 15ஆம் நாள் அயர்லாந்தின் வடபகுதியிலுள்ள போர்ட்டடவுன் என்னும் ஊரில் பிறந்தார். பெல்பாஸ்ட் நகரில் மருத்துவம் பயின்று 1900இல் பட்டம் பெற்றார். பின்னர் அன்றைய இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து, 1901இல் தம் 23ஆம் பிறந்தநாளன்று இந்தியாவுக்குக் கப்பலேறினார்.

இந்தியத் துணைக்கண்டத்தின் வடமேற்கு எல்லையிலிருந்த சித்ரால் மலைப்பகுதியில் படைப்பிரிவு மருத்துவராக அவருக்கு முதற்பணி அமைந்தது. அங்கு வீரர்களிடையே மூன்று நாள் நீடித்துத் தானே தணியும் ஒருவகைக் காய்ச்சல் ஆண்டுதோறும் கோடையில் பரவி வந்தது. அதனை மணல் ஈக்கள் பரப்பக்கூடும் என அவர் கருதினார். பிறருடைய ஆய்வுகள் அக்கருத்தைப் பின்னர் உறுதிப்படுத்தின.

கில்கிட்: கழலையும் குடிநீரும்

1904இல் அவர் கில்கிட் பகுதியின் அரசு அறுவை மருத்துவராகப் பொறுப்பேற்று, சுமார் ஏழு ஆண்டுகள் அங்குப் பணியாற்றினார். அம்மலைக் கிராமங்களில் முன்கழுத்துக் கழலை மிகுதியாகக் காணப்பட்டது. கழுத்தின் முன்புறத்திலுள்ள தைராய்டு சுரப்பி வீங்குவதே இந்நோயாகும்.

கில்கிட்டில் ஒரே நீரோடையை நம்பி, ஒன்றன்கீழ் ஒன்றாக எட்டுக் கிராமங்கள் இருந்தன. மேற்கிராமத்தார் பயன்படுத்திய நீர் வயல்களையும் வீடுகளையும் கடந்து கீழ்க்கிராமத்தை அடைந்தது. மெக்கரிசன் ஊர் ஊராகச் சென்று கழலை உள்ளவர்களைக் கணக்கெடுத்தார். மேற்கிராமத்தில் சுமார் எட்டில் ஒருவருக்கு இருந்த கழலை, கீழே செல்லச் செல்லக் கூடி, கடைசிக் கிராமத்தில் ஏறத்தாழ பாதிப்பேருக்கு இருப்பது தெரியவந்தது. நீர் அசுத்தமாகும் அளவுக்கு ஏற்ப நோயும் பெருகுகிறது என்னும் முடிவுக்கு அவர் வந்தார்.

இதனை மெய்ப்பிக்க அவர் தம் உடலையே ஆய்வுக்கு உட்படுத்தினார். அந்நீரை வடிகட்டியபோது தங்கிய கசடைத் தாமும் அருந்தி, முன்வந்த சிலருக்கும் கொடுத்தார். அவர்களுள் சிலருக்குச் சில வாரங்களில் கழுத்து வீங்கத் தொடங்கியது. அதே கசடைக் கொதிக்கவைத்துப் பருகியவர்களுக்கு வீக்கம் ஏற்படவில்லை. கொதிநிலையில் மடியக்கூடிய ஓர் உயிரியே நோய்க்குக் காரணம் என்றும், அது குடலில் தங்கி வளர்கிறது என்றும் அவர் கருதினார். குடல் கிருமிகளைக் குறைக்கும் தைமால் என்னும் மருந்தை நோயாளிகளுக்குக் கொடுத்து, புதிதாகத் தோன்றிய கழலைகள் சுருங்குவதாகவும் அறிவித்தார். குடல் நுண்ணுயிரிகளுக்கும் குடலுக்குத் தொலைவிலுள்ள ஓர் உறுப்பின் நோய்க்கும் தொடர்பு இருக்கலாம் என்னும் எண்ணம் அன்றைய மருத்துவ உலகிற்குப் புதிது.

இக்காலத்தில் இத்தகைய ஆய்வு, நெறிமுறைக் குழுவின் ஒப்புதலின்றி நடத்தப்பட இயலாது என்பதை இங்குக் குறிப்பிடுதல் வேண்டும்.

1913இல் இலண்டன் மருத்துவக் கல்லூரியில் கழலை நோய் குறித்துச் சிறப்புச் சொற்பொழிவு ஆற்றும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது. அதே ஆண்டில் கசௌலியிலுள்ள மத்திய ஆராய்ச்சி நிறுவனத்தில் முழுநேர ஆய்வுப் பணிக்கு மாற்றப்பட்டார். அடுத்த ஆண்டில் தொடங்கிய முதல் உலகப்போர் அப்பணியை இடைநிறுத்தியது.

குன்னூர்: ஓர் அறையில் தொடங்கிய ஆய்வகம்

போர் முடிவடைந்த 1918ஆம் ஆண்டில், குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தின் ஒரே ஓர் அறையில் பெரிபெரி ஆய்வுப் பிரிவு தொடங்கப்பட்டது. அதன் பொறுப்பு மெக்கரிசனிடம் ஒப்படைக்கப்பட்டது. பெரிபெரி என்பது கால் மரத்துப்போதல், நடை தளர்தல், உடல் வீங்குதல், இதயம் செயலிழத்தல் ஆகியவற்றை உண்டாக்கும் நோய். தயாமின் எனப்படும் வைட்டமின் பி1 குறைவதால் இது ஏற்படுகிறது. தீட்டிய அரிசியை மட்டும் உண்ட கோழிகளுக்கு இத்தகைய நோய் வருவதை ஜாவாத் தீவில் எய்க்மான் என்னும் டச்சு மருத்துவர் முன்னரே கண்டிருந்தார்.

மெக்கரிசன் இதற்கு அடுத்த கேள்வியை எழுப்பினார். உணவில் சத்துக் குறையும்போது நரம்பும் இதயமும் மட்டுமா பாதிக்கப்படுகின்றன? செரிமான மண்டலம் என்ன ஆகிறது?

குடலில் கண்ட மாற்றங்கள்

புறாக்கள், குரங்குகள் முதலிய விலங்குகளுக்குச் சத்துக் குறைந்த உணவைக் கொடுத்து, அவற்றின் உறுப்புகளை அவர் நுணுக்கமாக ஆராய்ந்தார். குறிப்பாகக் குரங்குகளின் செரிமான மண்டலத்தில் தெளிவான மாற்றங்கள் தென்பட்டன. பசி மந்தப்பட்டது, வயிற்றுப்போக்கும் சீதபேதியும் தோன்றின. இரைப்பையிலும் பெருங்குடலிலும் அழற்சி காணப்பட்டது. குடற்சுவர் மெலிந்து வலுவிழந்திருந்தது.

அவர் கவனித்தவற்றுள் இரண்டு செய்திகள் சிறப்பானவை. முதலாவது, குடலின் உட்புறச் சவ்வு சிதைந்த இடங்களில் குடலிலுள்ள நுண்ணுயிரிகள் திசுவுக்குள்ளும் குருதிக்குள்ளும் நுழைய வழி ஏற்பட்டது. இரண்டாவது, சீதபேதியை உண்டாக்கும் அமீபா கிருமி உடலில் இருந்தும் நலமாக இருந்த குரங்குகள், உணவு கெட்ட பின்னர் நோயுற்றன. அதே இடத்தில் நல்ல உணவு பெற்ற குரங்குகள் நலமாகவே இருந்தன. எனவே, கிருமி இருப்பது மட்டும் நோய்க்குப் போதுமானதன்று. அதற்கு இடங்கொடுக்கும் உடல்நிலையும் காரணம் என்று அவர் வலியுறுத்தினார்.

இம்முடிவுகளைத் தொகுத்து, சத்துக்குறை நோய்கள் பற்றிய அவருடைய நூல் 1921இல் வெளிவந்தது. அவ்வாண்டே அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில், தவறான உணவுக்கும் இரைப்பை, குடல் நோய்களுக்கும் உள்ள தொடர்பு குறித்து உரையாற்றினார்.

அரிசியும் தவிடும்

அன்றைய சென்னை மாகாணத்தின் வடபகுதியில், இன்றைய ஆந்திரக் கடற்கரையை ஒட்டிய மாவட்டங்களில், பெரிபெரி மிகுதியாக இருந்தது. தமிழ் மாவட்டங்களிலோ அது குறைவு. இரு பகுதியினரும் அரிசி உண்பவர்களே. வேறுபாடு அரிசியைப் பக்குவப்படுத்தும் முறையில் இருந்தது.

நெல்லை ஊறவைத்து அவித்து உலர்த்திய பின் குத்தினால் கிடைப்பது புழுங்கல் அரிசி. அவிக்கும்போது தவிட்டிலுள்ள தயாமின் அரிசி மணியின் உட்பகுதிக்குள் இறங்குகிறது. ஆகவே, பின்னர்த் தவிடு நீக்கப்பட்டாலும் அச்சத்தின் ஒரு பகுதி எஞ்சுகிறது. பச்சை நெல்லை ஆலையில் வெண்மையாகத் தீட்டும்போது தவிட்டுடன் அச்சத்தும் போய்விடுகிறது. அரிசிக்கும் பெரிபெரிக்கும் உள்ள தொடர்பை மெக்கரிசனும் அவருடைய உடன்பணியாளரும் ஆராய்ந்து 1924இல் விரிவான அறிக்கை வெளியிட்டனர்.

நம் பாட்டிமார் கைக்குத்தல் அரிசியையும் புழுங்கல் அரிசியையும் போற்றியதில் அறிவியல் அடிப்படை இருந்தது என்பதை இதிலிருந்து உணரலாம். அரிசியைப் பலமுறை களைந்து, வடித்த கஞ்சியையும் கொட்டிவிட்டால் எஞ்சிய சத்தும் நீருடன் வெளியேறிவிடும்.

தடையும் மீட்சியும்

அரசின் சிக்கன நடவடிக்கையால் 1923இல் இவ்வாய்வுக்கான நிதி நிறுத்தப்பட்டது. இரண்டு ஆண்டுகளுக்குப் பின் 1925இல் சத்துக்குறை நோய் ஆய்வு என்னும் பெயரில் பணி மீண்டும் தொடங்கியது. 1928இல் அது உணவூட்ட ஆராய்ச்சிக்கூடமாக வளர்ந்தது. மெக்கரிசன் அதன் முதல் இயக்குநரானார். கோயம்புத்தூரில் பணியாற்றிய வேளாண் வேதியியலாளர் விஸ்வநாத்துடன் இணைந்து, தொழுவுரமிட்ட நிலத்தில் விளைந்த சிறுதானியத்தின் சத்துமதிப்பையும் அவர் ஆராய்ந்தார். கருவுற்ற பெண்களின் இரத்தசோகையை ஆராய வந்த லூசி வில்ஸ் என்னும் பெண் மருத்துவரும் குன்னூரில் சிறிது காலம் பணியாற்றினார். அவருடைய ஆய்வே பின்னாளில் ஃபோலிக் அமிலம் கண்டறியப்பட அடிப்படையாயிற்று.

ஏழு கூண்டுகள், ஏழு வகை உணவுகள்

மெக்கரிசனின் ஆய்வுகளுள் மிகவும் அறியப்பட்டது எலிகளைக்கொண்டு நடத்திய உணவு ஒப்பீடு ஆகும். வயதிலும் எடையிலும் ஒத்த எலிகள் ஏழு குழுக்களாகப் பிரிக்கப்பட்டன. சீக்கியர், பட்டாணியர், மராட்டியர், கூர்க்கர், கன்னடர், வங்காளியர், சென்னை மாகாணத்தார் ஆகியோர் வழக்கமாக உண்ணும் உணவு ஒவ்வொரு குழுவுக்கும் அளிக்கப்பட்டது. முழுக்கோதுமை ரொட்டி, பால், தயிர், பருப்பு, காய்கறி அடங்கிய சீக்கியர் உணவை உண்ட எலிகள் சராசரியாக 235 கிராம் எடையை எட்டின. தீட்டிய அரிசியை மிகுதியாகவும், பாலையும் காய்கறியையும் மிகக் குறைவாகவும் கொண்ட சென்னை உணவை உண்ட எலிகள் 155 கிராம் அளவிலேயே நின்றன.

அக்காலத்தில் சில இனத்தார் பிறப்பிலேயே வலியவர் என்றும், பிறர் மெலியவர் என்றும் ஆட்சியாளர்கள் நம்பினர். ஆனால், கூண்டுகளிலிருந்த எலிகள் அனைத்தும் ஒரே வளர்ப்பு இனத்தைச் சேர்ந்தவை. வேறுபட்டது உணவு மட்டுமே. உடல் வலிமையில் உணவுக்குரிய பங்கை இவ்வாய்வு தெளிவாகக் காட்டியது. சென்னை உணவு குறைபட்டதற்கு அரிசி உண்பது மட்டும் காரணமன்று. பாலும் பருப்பும் கீரையும் வாங்க இயலாத வறுமையும் அதனுள் அடங்கியிருந்தது.

திருவிதாங்கூர்ப் பகுதியின் ஏழை மக்கள் பெரிதும் மரவள்ளிக்கிழங்கையே நம்பியிருந்தனர். அவ்வுணவை உண்ட எலிகளுள் நான்கில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவற்றுக்கு இரைப்பைப் புண் தோன்றியதாக அவர் பதிவு செய்தார். சிறுநீர்ப்பைக் கற்கள் உருவாவதில் உணவுக் குறைபாட்டின் பங்கையும், பால் சேர்த்தபோது அவை தடுக்கப்பட்டதையும் ஆராய்ந்தார். பள்ளிகளிலும் நலமையங்களிலும் பயன்படுமாறு உணவு பற்றிய எளிய கையேடு ஒன்றையும் எழுதினார்.

இறுதி ஆண்டுகள்

1933இல் அவருக்குச் சர் பட்டம் வழங்கப்பட்டது. 1935இல் ஓய்வுபெற்று இங்கிலாந்து திரும்பினார். ஆக்ஸ்போர்டில் குடியேறி, இரண்டாம் உலகப்போருக்குப் பின் அங்கு மருத்துவ மேற்படிப்புத் துறையின் இயக்குநராகப் பணியாற்றினார். 1960ஆம் ஆண்டு மே 18ஆம் நாள் காலமானார். அவர் குன்னூரில் ஓர் அறையில் தொடங்கிய ஆய்வகம் 1958இல் ஐதராபாத்துக்கு மாற்றப்பட்டது. அதுவே இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம்.

இன்றைய அறிவியல் திருத்தியவை

கழலை: மலைப்பகுதிகளில் கழலை பெருகுவதற்கு முதன்மைக் காரணம் மண்ணிலும் நீரிலும் அயோடின் குறைந்திருப்பதே என்பது பின்னர் உறுதியாயிற்று. இமயமலைச் சாரலிலுள்ள காங்ரா பள்ளத்தாக்கில் மருத்துவர் இராமலிங்கசுவாமி குழுவினர் 1956 முதல் நடத்திய ஆய்வு, அயோடின் கலந்த உப்பால் கழலை குறைவதைக் காட்டியது. 1962இல் தேசியக் கழலை நோய்த் தடுப்புத் திட்டம் தொடங்கப்பட்டது. மெக்கரிசனின் கணக்கெடுப்பு நேர்மையானது; ஆனால் அவர் கூறிய காரணம் முதன்மையானதன்று.

இரைப்பைப் புண்: ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் கிருமியும், மருத்துவர் அறிவுரையின்றித் தொடர்ந்து உட்கொள்ளும் வலி மாத்திரைகளும் இதற்கு முதன்மைக் காரணங்கள். அக்கிருமியை 1982இல் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த வாரன், மார்ஷல் ஆகிய இருவர் கண்டறிந்தனர். அவர்களுள் மார்ஷல், மெக்கரிசனைப் போலவே கிருமிக் கரைசலைத் தாமே அருந்திச் சோதித்தவர். இப்புண்ணை உணவால் மட்டும் ஆற்ற முயல்வது காலத்தை வீணாக்கும்.

ஹூன்சா மக்கள்: கில்கிட்டை அடுத்த ஹூன்சா மக்களிடம் குடல் நோய்களை அரிதாகவே கண்டதாக மெக்கரிசன் எழுதினார். பிறர் அதனை மிகைப்படுத்தி, அம்மக்கள் நோயின்றி நூறாண்டுக்கு மேல் வாழ்வதாகப் பரப்பினர். அதற்கு நம்பத்தக்க பிறப்புப் பதிவேடுகள் எவையும் இல்லை. ஒரே உணவால் எல்லா நோயும் தீரும் எனக் கூறும் விளம்பரங்களையும் அலைபேசிச் செய்திகளையும் நம்ப வேண்டாம்.

இன்றும் நிலைத்திருப்பவை

சத்துக்குறைவு குடற்சுவரைத் தளர்த்தும். தளர்ந்த குடல் தொற்றுக்கு இடங்கொடுக்கும். தொற்று மேலும் சத்தைக் குறைக்கும். இச்சுழற்சி இன்று மருத்துவ உலகில் ஐயமின்றி ஏற்கப்படுகிறது. அடிக்கடி வயிற்றுப்போக்கால் மெலியும் குழந்தைகளிடம் இதனைக் காணலாம்.

பெருங்குடலில் வாழும் நுண்ணுயிரிகள், நாம் செரிக்க இயலாத நார்ச்சத்தை உணவாகக் கொள்கின்றன. அதனை நொதிக்கச் செய்து, குறுஞ்சங்கிலிக் கொழுப்பு அமிலங்களை உருவாக்குகின்றன. இவற்றுள் ஒன்றான பியூட்டிரேட், பெருங்குடலின் உட்புற உயிரணுக்களுக்கு எரிபொருளாகிறது. முழுத்தானியம், பயறு, கீரை, காய்கறி ஆகியவை குறைந்தால் இந்நுண்ணுயிரிகளின் உணவும் குறைகிறது.

ஜவ்வாது மலைக் குடும்பங்கள் கவனிக்க வேண்டியவை

ஜவ்வாது மலையின் தட்பவெப்பத்துக்கு ஏற்ற பயிர்கள் சாமை, தினை, கேழ்வரகு முதலியவை. சாமைச் சோறும் கேழ்வரகுக் களியும் இம்மக்களின் பழைய உணவு. கடை அரிசி எளிதில் கிடைப்பதாலும், சாமையைக் குத்திப் புடைக்கும் உழைப்பு மிகுதி என்பதாலும் இப்பழக்கம் பல வீடுகளில் குறைந்து வருகிறது. விளைந்த சாமையை முழுவதும் விற்றுவிட்டு, தீட்டிய அரிசியை மட்டும் உண்ணும் குடும்பங்களும் உள்ளன. மெக்கரிசன் எச்சரித்த நிலை இதுவே. ஆகவே, பின்வருவனவற்றைக் கடைப்பிடிக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது.

• விளைச்சலில் வீட்டுத் தேவைக்கான சாமையையும் கேழ்வரகையும் ஒதுக்கிய பின்னர் எஞ்சியதை விற்கவும்.

• சாமையின் மேலுமியை மட்டும் நீக்கினால் போதும். ஆலையில் மிக வெண்மையாகத் தீட்டிய சாமையில் தவிடும் நார்ச்சத்தும் குறைந்துவிடும்.

• தானியம் மட்டும் முழு உணவாகாது. கொள்ளு, அவரை, மொச்சை, துவரை ஆகியவற்றுள் ஒன்றையும், முருங்கை முதலிய கீரையையும் நாள்தோறும் சேர்க்கவும். இயன்றவர்கள் பால், மோர், முட்டை ஆகியவற்றைச் சேர்த்துக்கொள்ளலாம்.

• இதுவரை நார்ச்சத்துக் குறைவாக உண்டவர்கள் சிறிது சிறிதாகக் கூட்டவும். போதிய நீர் அருந்தவும். ஒரேயடியாகக் கூட்டினால் வயிற்று உப்புசம் ஏற்படலாம்.

• அயோடின் கலந்த உப்பை மட்டும் வாங்கவும். மூடிய கலத்தில் ஈரம் படாமல் வைத்து, சமையலின் இறுதியில் சேர்க்கவும். இரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் அளவைக் குறைக்கவும்.

• ஓடை நீரையும் சுனை நீரையும் கொதிக்கவைத்து ஆறிய பின் குடிக்கவும்.

• நீரிழிவு உள்ளவர்கள் சிறுதானியத்தையும் அளவோடு உண்ண வேண்டும். அதிலும் மாவுச்சத்து உண்டு. மாத்திரையையோ இன்சுலினையோ தாமாக நிறுத்தக் கூடாது. சிறுநீரக நோய் உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்ட பின்னரே உணவை மாற்ற வேண்டும்.

• குழந்தைக்கு முதல் ஆறு மாதங்கள் தாய்ப்பால் மட்டும் போதும். அதன்பின் தாய்ப்பாலுடன் இணை உணவும், அங்கன்வாடியில் வழங்கப்படும் சத்துமாவும் கொடுக்கவும்.

• வயிற்றுப்போக்கின்போது குழந்தைக்குத் தாய்ப்பாலையோ உணவையோ நிறுத்த வேண்டாம். உடனே ஓ.ஆர்.எஸ். கரைசல் கொடுக்கத் தொடங்கவும். சுகாதாரப் பணியாளர் தரும் துத்தநாக மாத்திரையை, போக்கு நின்ற பின்னரும் 14 நாட்கள் முடியும் வரை கொடுக்கவும்.

எப்போது மருத்துவமனைக்கு வர வேண்டும்?

மலத்தில் இரத்தம், கருநிற மலம், இரத்த வாந்தி, விடாத வயிற்றுவலி, காரணமின்றி எடை குறைதல், இரண்டு வாரங்களுக்கு மேல் நீடிக்கும் வயிற்றுப்போக்கு, கழுத்து வீக்கம், கால் மரத்துப்போதல், உடல் வீக்கம் ஆகியவற்றுள் எது இருப்பினும் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரவும். வயிற்றுப்போக்குள்ள குழந்தையின் கண்கள் குழிவிழுதல், சோர்ந்து மயங்குதல், நீர் அருந்த இயலாமை, சிறுநீர் மிகவும் குறைதல் ஆகியவை அவசர நிலையைக் குறிக்கும். அந்நிலையில் காலை வரை காத்திராமல் 108 ஆம்புலன்சை அழைக்கவும். வண்டி வரும்வரை, குழந்தை விழுங்கும் நிலையில் இருந்தால் ஓ.ஆர்.எஸ். கரைசலைக் கரண்டியால் சிறிது சிறிதாகக் கொடுத்துக்கொண்டிருக்கவும். உடல்நலம் குறித்த ஐயங்களுக்கு 104 என்னும் எண்ணில் ஆலோசனை பெறலாம்.

மெக்கரிசன் நோயைத் தேடிக் கிராமத்துக்கும் சமையலறைக்கும் சென்றவர். மருந்துடன் உணவையும் சேர்த்துக் கேட்டறிவது மருத்துவத்தின் கடமை என்பதை அவருடைய பணி நிறுவியது. எனவே, மருத்துவமனைக்கு வரும்போது வீட்டில் என்ன சமைக்கப்படுகிறது, எந்த நீர் பயன்படுத்தப்படுகிறது, எந்த மாத்திரைகள் உட்கொள்ளப்படுகின்றன என்பவற்றைத் தயங்காமல் தெரிவிக்கவும். நோயைக் கண்டறிய அவை பெரிதும் உதவும்.